டாலரும் வட்டியும் ஒரே மாதத்தில் ஏறும்போது: சேலத்துக் கடைக் கணக்குகளில் பார்த்தவை

அம்மாபேட்டை கணக்காளர்:

ஜவுளி, பாத்திரம், வெள்ளி, காபி எந்தக் கடையானாலும் சரி. வட்டி ஏறினால் எவ்வளவு அடி, டாலர் ஏறினால் எவ்வளவு அடி, அதைக் கணக்குப் போடுவதில் எங்கே தப்பு நடக்கிறது? பார்த்ததை எண்ணோடு எழுதுங்க. கடை பெயரும் வங்கி பெயரும் வேண்டாம்.

நான் வட்டியில் ஆரம்பிக்கிறேன். ஐந்து ரோடு பக்கம் ஒரு ஜவுளிக்கடை. சி.சி. (சரக்கை ஈடு வைத்து வேண்டியபோது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) லிமிட் 8 கோடி. மார்ச் 31 பேலன்ஸ் ஷீட்டில் நிலுவை 3 கோடி. "வட்டி 1 சதவீதம் ஏறினால் 3 லட்சம்" என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். கணக்கு சரி, எடுத்த தேதிதான் தப்பு. ஜவுளிக்கடைக்கு மார்ச் கடைசி என்பது கடன் குறைந்து நிற்கும் நேரம். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்க ஆரம்பித்தால் நிலுவை 7.6 கோடிக்குப் போய் நிற்கிறது. வங்கி வட்டி போடுவது அன்றன்றைய நிலுவைக்கு. பாஸ்புக்கில் 365 நாள் முடிவு நிலுவையைக் கூட்டி வகுத்தால் சராசரி 5.2 கோடி.

ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ 2022 மே மாதம் 4 சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் 6.5க்கு வந்தது. ஏற்றம் 2.5 சதவீதம். மார்ச் நிலுவையை வைத்தால் வருஷத்துக்கு 7.5 லட்சம். சராசரியை வைத்தால் 13 லட்சம். இந்த 5.5 லட்சம் பட்ஜெட்டிலேயே இல்லாத பணம்.

பங்குச்சந்தையில் உள்ள பெரிய சில்லறை நிறுவனங்களின் ஆண்டறிக்கையில் சந்தை இடர் பற்றிய குறிப்பைப் படிப்பவர்களும் இதைக் கவனிங்க. வட்டி 50 புள்ளி, 100 புள்ளி (100 புள்ளி என்றால் 1 சதவீதம்) மாறினால் லாபம் எவ்வளவு மாறும் என்று போடுவார்கள். பெரும்பாலும் அது ஆண்டு இறுதி நிலுவைமேல் போட்ட கணக்குதான். பண்டிகைக் காலக் கடன் அதில் தெரியாது.

அஸ்தம்பட்டி, வங்கி ஓய்வு:

சேர்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சாங்ஷன் லெட்டரில் வட்டி எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் சிறு, குறு நிறுவனங்களின் புதிய மிதவை வட்டிக் கடன்களையும், 2020 ஏப்ரல் 1 முதல் நடுத்தர நிறுவனங்களுடையதையும் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு, வங்கிகள் இணைத்தாக வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் வந்துவிடும். எம்.சி.எல்.ஆர். (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே போடும் அடிப்படை வட்டி) கடனில் வட்டியை மாற்றும் ரீசெட் தேதி வரும்வரை பழைய வட்டியே ஓடும், பல இடங்களில் அது வருஷத்துக்கு ஒருமுறைதான். ஏறும்போது அது நிழல், இறங்கும்போது அதுவே பாரம். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.5லிருந்து 5.25க்கு இறங்கியது. ஜனவரியில் ரீசெட் ஆன எம்.சி.எல்.ஆர். கடன்காரருக்கு அந்த வருஷம் முழுக்க அதில் ஒரு பைசா வரவில்லை. ஒரே கடைக்கு டேர்ம் லோன் ஒரு முறையிலும் சி.சி. இன்னொரு முறையிலும் இருப்பது சகஜம். அடியைக் கணக்கிடும்போது இரண்டையும் தனித்தனி வரியில், ரீசெட் தேதியோடு எழுத வேண்டும்.

லீ பஜார் இறக்குமதி:

டாலர் பக்கம் வர்றேன். சீனாவிலிருந்து எல்.இ.டி. விளக்கும் கிச்சன் சாமானும் ஒரு கண்டெய்னர், 60,000 டாலர், பில் ஆஃப் லேடிங் (கப்பலில் சரக்கு ஏற்றிய ரசீது) தேதியிலிருந்து 90 நாள் கடன். 2022 பிப்ரவரியில் விலை பேசும்போது டாலர் 75 ரூபாய் அளவில் இருந்தது. ஜூலையில் பணம் கட்டும்போது 80ஐத் தொட்டுவிட்டது. 45 லட்சம் என்று நினைத்த சரக்கு 48 லட்சம். விற்பனை விலையை 75 கணக்கில் லேபிள் அடித்து 15 சதவீதம் மொத்த மார்ஜின் வைத்திருந்தால் அதில் கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு போச்சு.

ரிஸ்க் எந்த நாளில் ஆரம்பிக்குது என்பதில்தான் எல்லாரும் வழுக்குறாங்க. கணக்குப் புத்தகத்தில் இன்வாய்ஸ் ஏறிய பிறகுதான் டாலர் பாக்கி தெரியும். ஆனா விலை பேசி ஆர்டர் உறுதி செய்த அன்றே நீங்க டாலரில் மாட்டியாச்சு. உற்பத்தி 30 நாள், கப்பல் 20 நாள், கடன் 90 நாள். இதில் முதல் மாதம் எந்த லெட்ஜரிலும் இல்லை. அதனால ஆர்டர் தேதி, தொகை, எதிர்பார்க்கும் கட்டணத் தேதி மூன்றுக்கும் தனி நோட்டு வேணும்.

கஸ்டம்ஸ் வரி அன்றைய வங்கி ரேட்டில் போடுறது இல்லை. சுங்க வாரியம் அறிவிக்கும் ரேட்டில்தான். இறக்குமதிமேல் கட்டும் ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. பின்னால் கிரெடிட்டாகத் திரும்பும், அதுவரை உங்க சி.சி.யைத் தின்னும். அடிப்படைச் சுங்க வரி திரும்பாது, டாலர் ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

அஸ்தம்பட்டி, வங்கி ஓய்வு:

ஃபார்வர்டு (பின்னால் வாங்கப்போகும் டாலருக்கு இன்றே வங்கியோடு ரேட்டை உறுதி செய்வது) எடுப்பவர்களிடம் பார்த்த தப்புகளைச் சொல்கிறேன். கண்டெய்னர் தாமதமாகும் என்பதை மறந்து ஒரே ஒரு தேதிக்கு எடுப்பது முதல் தப்பு. பணம் கட்டும் நாள் நிச்சயமில்லை என்றால் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று காலவெளி உள்ள ஃபார்வர்டு கேளுங்கள். ரேட் சில பைசா கூடும், ஆனால் ரத்து செய்து மறுபடி புக் பண்ணும் செலவு மிச்சம். முதிர்வு தேதியைக் கவனிக்காமல் விட்டால் சில வேலை நாளில் வங்கியே ரத்து செய்துவிடும். டாலர் இறங்கியிருந்தால் வித்தியாசம் அன்றைக்கே கணக்கில் பற்று.

வங்கி டாலர் ரேட்டில் தன் லாபமாகச் சேர்க்கும் மார்ஜினையும் பேச வேண்டும். 60,000 டாலரில் 30 பைசா என்றால் 18,000 ரூபாய். கிளியரிங் கார்ப்பரேஷன் நடத்தும் எஃப்.எக்ஸ். ரீடெயில் தளம் 2019 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. அதில் வங்கிகளுக்கிடையேயான விலை கண்ணுக்குத் தெரியும். அன்றைய டாலர் வாங்குபவர் அதில் பதிந்து வைத்துக்கொண்டால் மேலாளரிடம் பேசக் கையில் ஒரு எண் இருக்கும்.

இதைவிட முக்கியமானது "டாலர் கடன் சீப்" என்ற பேச்சு. வெளிநாட்டு வங்கிக்கு நம் வங்கி கொடுத்துவந்த உறுதிக் கடிதமான பழைய எல்.ஓ.யு. முறையை ரிசர்வ் வங்கி 2018 மார்ச்சில் நிறுத்திவிட்டது. இப்போது ஸ்டேண்ட்பை எல்.சி. அல்லது வங்கி உத்தரவாதம் வைத்துத்தான் பையர்ஸ் கிரெடிட், அதாவது இறக்குமதிக்கு வெளிநாட்டு வங்கி தரும் டாலர் கடன். ஒரு மாதிரிக் கணக்கு: சோஃபரும் (டாலர் கடனின் அடிப்படை வட்டி) ஸ்ப்ரெட்டும் (அதன்மேல் வங்கி கூட்டுவது) சேர்த்து 5.5 சதவீதம், உத்தரவாதக் கமிஷன் 1.5, ஃபார்வர்டு பிரீமியம் (இன்றைய ரேட்டுக்கு மேல் ஃபார்வர்டு ரேட்டில் கூடுவது) ஆண்டுக்கு 2.5. மொத்தம் 9.5. ரூபாய்க் கடனும் 9.5 என்றால் இத்தனை காகிதம் எதற்கு? பிரீமியம் வருவதே இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்திலிருந்துதான். ஹெட்ஜ் செய்தால், அதாவது ஃபார்வர்டு எடுத்து ரேட்டைப் பூட்டினால், அந்த வித்தியாசம் கரைந்துவிடும், செய்யாமல் விட்டால் கடன் மலிவில்லை, அது ரூபாய்மேல் கட்டிய பந்தயம்.

ஹெட்ஜ் செய்பவர்களும் அசலுக்கு மட்டும் எடுத்துவிட்டு வட்டியை விட்டுவிடுகிறார்கள். 60,000 டாலருக்கு 5.5 சதவீதத்தில் 180 நாள், டாலர் கடனுக்கு 360 நாள் வருஷம் என்பதால் 1,650 டாலர். ஃபார்வர்டு 61,650க்கு இருக்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளி:

இறக்குமதியே செய்யாத கடைக்கும் டாலர் உண்டு. கொலுசுப் பட்டறைக்கு வரும் வெள்ளி ரூபாய் பில்லில்தான் வருது, ஆனா விலை பிறக்கிறது லண்டன் அவுன்ஸில். ஓர் அவுன்ஸ் 31.1035 கிராம். அவுன்ஸ் 30 டாலர் என்று வைத்தால், டாலர் 85இல் கிலோ சுமார் 81,980. டாலர் 88 ஆனால் 84,880. லண்டனில் விலை அசையாமலே கிலோவுக்கு 2,900 ஏறிடுச்சு, அதுவும் வரி சேர்க்கும் முன்னாடி. வரி மாறினால் தனி அடி: 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கம், வெள்ளி மேல் மொத்த இறக்குமதி வரி 15லிருந்து 6 சதவீதமா இறங்கியபோது ஷோகேஸில் இருந்த சரக்கின் மதிப்பு ஒரே நாளில் இறங்கியது.

சரக்கு வாயிதா சந்தையான எம்.சி.எக்ஸில் விற்று வைத்துச் சரக்கைக் காப்பாத்துறவங்க பெரிய லாட் 30 கிலோ, மினி 5, மைக்ரோ 1 என்பதை வைத்து அளவு போடணும். கிலோவுக்கு 10,000 ஏறினால் 30 கிலோ லாட்டுக்கு அன்றைக்கே 3 லட்சம் கட்டணும். சரக்கில் அதே 3 லட்சம் லாபம் இருக்கு, ஆனா கொலுசு விற்கும்வரை கைக்கு வராது. அந்தப் பணம் சி.சி.யிலிருந்துதான் போகும். விலை ஹெட்ஜ் வட்டிச் செலவா மாறும் இடம் இதுதான். இப்படிச் சந்தைக்குக் கட்டும் மார்ஜின் பணத்துக்கென்று லிமிட்டில் தனி இடம் விடாதவங்க, 2025இல் வெள்ளி ஓடிய ஓட்டத்தில் ஹெட்ஜைப் பாதியில் முடிக்க வேண்டி வந்தது.

பட்டறையோடு வெள்ளிக்கு வெள்ளி கொடுத்து கூலியை மட்டும் பணமாகத் தீர்க்கும் பழக்கம் இருக்கே, அது உண்மையில் நல்ல ஹெட்ஜ். பணமா மாத்திப் பாக்கி வைக்காதீங்க.

ஏற்காடு ஒண்டிக்கடை:

காபித்தூள் கடைக்கும் இதே கதைதான். கொட்டை நம்ம சேர்வராயன் மலையில் விளையுது, கூலி ரூபாயில், லாரி ரூபாயில். ஆனா அராபிகா விலை நியூயார்க்கில் பவுண்டுக்கு சென்ட்டில் பேசப்படுது. 300 சென்ட் என்றால் கிலோ 6.61 டாலர். டாலர் 85 ஆனால் 562 ரூபாய், 90 ஆனால் 595. மழையும் மகசூலும் அப்படியே இருக்க, கிலோவுக்கு 33 ரூபாய் கூடுது. மெஸ், ஹோட்டலுக்கு ஆறு மாத நிலை விலை கொடுத்த கடைகள் இதில்தான் மாட்டுச்சு. 15 நாள் செல்லும் விலை கொடுங்க, இல்லேன்னா ஆர்டர் வந்த அன்றே பச்சைக் கொட்டையை வாங்கி வைங்க.

அம்மாபேட்டை கணக்காளர்:

இரண்டு அடியும் தனித்தனியாக வரும் என்று எண்ணுவது ஆபத்து. 2013 ஜூலையில் ரூபாயைத் தாங்க ரிசர்வ் வங்கி எம்.எஸ்.எஃப். (வங்கிகள் அவசரத்துக்கு ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் ஓரிரவுக் கடன்) வட்டியை 10.25க்கு ஏற்றியது, ஆகஸ்டில் டாலர் 68 தாண்டியது. 2022இலும் ரெப்போ ஏறிய அதே மாதங்களில் ரூபாய் 83 வரை இறங்கியது. அதே எண்ணிக்கை சரக்கு வாங்க 45க்குப் பதில் 48 லட்சம் வேண்டும். லிமிட் ஏறவில்லை, வட்டி ஏறியது, டிராயிங் பவரில் (சரக்கு மதிப்பை வைத்து சி.சி.யில் எடுக்க முடிந்த தொகை) 25 சதவீத மார்ஜின் சொந்தப் பணமாக இருந்தாக வேண்டும். அதனால் ஷீட்டில் டாலர் 5 ரூபாய் கூடுதல், வட்டி 1.5 சதவீதம் கூடுதல் இரண்டையும் ஒரே காலத்தில், அக்டோபர் நிலுவைமேல் போட்டுப் பாருங்க.

சூரமங்கலம், புதுசு:

சார், எங்களுக்கு ரெண்டே கண்டெய்னர். முழுக்க ஃபார்வர்டு எடுக்கணுமா?

லீ பஜார் இறக்குமதி:

தம்பி, விலை லேபிள் அடித்து முடிச்ச சரக்குக்கு முழுக்க எடுங்க, விற்பனை விலையை இனி மாத்த முடியாது. லேபிள் அடிக்காத ஆர்டருக்குப் பாதி போதும். வங்கி காலாண்டுக்கு ஒருமுறை ஹெட்ஜ் செய்யாத அந்நியச் செலாவணிப் பாக்கி எவ்வளவு என்று கேட்கும். அந்தப் படிவத்தைக் காலியா விடாதீங்க. ஃபார்வர்டு எடுத்த தொகையைக் கழித்துக் காட்டாவிட்டால் முழுத் தொகையையும் திறந்த பாக்கியா எடுத்துக்குவாங்க. பாக்கி பெரிசா இருந்தால் வங்கி கூடுதல் மூலதனம் ஒதுக்கணும், அந்தச் செலவு உங்க ஸ்ப்ரெட்டில் வந்து உட்காரும். ஃபார்வர்டு கான்ட்ராக்ட் நகலை அதோடயே பின் அடிச்சுக் கொடுங்க.