புதுப்பிப்பு: பைத்தான் செயலிக்கு டிகிண்டரா, பைசைடா?

தமிழ் ரசீது அச்சிடும் பைத்தான் செயலிக்கு எந்த இடைமுகக் கருவி (சாளரம், பொத்தான்களை உருவாக்கும் நூலகம்) சரி என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு பைசைடு6, அதாவது க்யூட்டி என்ற இடைமுக நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவும் தொகுப்பு.

டிகிண்டர் சின்னது, பெரும்பாலும் பைத்தானோடே வரும். விண்டோஸில் தமிழும் ஒழுங்காகத் தெரியும். சிக்கல் லினக்ஸில்தான்: டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அங்கே எழுத்தை எக்ஸ்எஃப்டி என்ற எழுத்துரு நூலகம் வழியாக வரைகிறது. அதற்கு எழுத்துக்கோர்ப்பு (குறிகளை உரிய இடத்தில் சேர்த்து வரைவது) தெரியாது. 'கெ' என்றால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் விழும். ஃபான்ட் மாற்றிப் பயனில்லை. க்யூட்டி, எழுத்துக்கோர்ப்பு செய்யும் ஹார்ஃப்பஸ் நூலகத்தைப் பயன்படுத்துவதால் இந்தத் தொல்லை இல்லை.

க்யூட்டிக்கான இன்னொரு பைத்தான் தொகுப்பான பைக்யூட்டி6-ஐ விட்டதற்குக் காரணம் உரிமம். அது ஜிபிஎல் (செயலியைக் கொடுத்தால் மூலநிரலையும் தர வேண்டிய உரிமம்), இல்லையேல் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும்; பைசைடு எல்ஜிபிஎல் (நம் நிரலை மூடியே வைக்க விடும் தளர்வான உரிமம்).

நிறுவும்போது 'பைசைடு6-எசென்ஷியல்ஸ்' மட்டும் போதும். முழுத் தொகுப்பில் வெப்எஞ்சினும் (உள்ளே வலைப்பக்கம் காட்டும் பகுதி) சேர்ந்து வந்து இடத்தை அடைக்கும். பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் நிரலை நேரடியாக இயங்கும் செயலியாகக் கட்டும் கருவி) ஒற்றைக் கோப்பாகக் கட்டினால் ஒவ்வொரு முறையும் தற்காலிகக் கோப்புறையில் விரிந்தபிறகே திறக்கும், கோப்புறையாகவே கொடுங்கள்.