விண்ணப்பம் கேட்கப்படாத நாட்களில் விசுவாசம்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பாளைவாசி

புது வருஷத்துக்கென்று ஆளுக்கொன்றாக எடுக்கிற வேத வசன அட்டையான வாக்குத்தத்த அட்டை இங்கே யாருக்கும் புதிதல்ல. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் என் கணவர் எடுத்த அட்டையில் 91-ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் இருந்தது: "நீடித்த நாட்களால் அவனைத் திருப்தியாக்கி, என் இரட்சிப்பை அவனுக்குக் காண்பிப்பேன்." ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முடிவதற்கு முன்பே அவரை அடக்கம் செய்துவிட்டோம். சிறுநீரகக் கோளாறு. நாங்கள் பார்க்காத வைத்தியமும் இல்லை, போகாத உபவாசக் கூட்டமும் இல்லை.

என் மனத்தை விட்டு அகலாதது, அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் எங்கள் சபை உபதேசியார் வீட்டுக்கு வந்தபோது நடந்ததுதான். அதுவரை வந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு விளக்கத்தோடு வந்தார்கள். தேவ சித்தம் என்றார்கள், நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றார்கள். ஒருவர் என் பிள்ளைகளின் காதுபடவே, வீட்டில் ஜெபம் குறைந்துபோயிருக்குமோ என்றுகூடக் கேட்டார். உபதேசியார் வாசிப்பதற்காக மேசையிலிருந்த என் கணவரின் வேதாகமத்தை எடுத்தபோது அந்த அட்டை நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுத்தார். வசனத்தை வாசித்தார், திருப்பி, பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த ஆண்டையும் பார்த்தார். இவரும் ஒரு விளக்கம் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவது என்ற முடிவோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஓரிரு தாள்களை முன்னால் புரட்டி, 88-ஆம் சங்கீதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார்.

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கும் 13-ஆம் சங்கீதம்கூட, முடிகிற இடத்தில் பாடுவேன் என்று தேறிவிடுகிறது. சிலுவையில் நம் ஆண்டவர் எடுத்துச் சொன்ன 22-ஆம் சங்கீதமும் துதியில்தான் முடிகிறது. 88 அப்படித் தேறுவதே இல்லை. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத் தொடங்கி, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்ற முறையீட்டோடு நின்றுவிடுகிறது. வாசித்து முடித்தவர், ஆமென் என்று மட்டும் சொல்லி, ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். என் கணவர் இறந்தபின் வாய் திறந்து நான் ஜெபித்தது அன்றிரவுதான். அதைச் சண்டை என்று சொன்னாலும் பொருந்தும்.

உபதேசியார் அந்தச் சங்கீதத்தைத் தெரிந்தே எடுத்தாரா என்று கேட்க நினைத்திருந்தேன். அதற்குள் வேறு சேகரத்துக்கு, அதாவது வேறு சபை வட்டாரத்துக்கு, மாற்றலாகிவிட்டார். விளக்கம் எதுவும் சொல்லாமலே உங்களை ஆண்டவர் பக்கம் திருப்பிவிட்ட ஒருவரை நீங்கள் சந்தித்ததுண்டா?

ஏரல் வாழைக்காரன்

உண்டு அக்கா. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையைப் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று செய்தியில் சொன்னார்கள். தாமிரபரணி எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்ட பிறகு அந்தக் கணக்கு எங்களுக்கு எதற்கு? குலை தள்ளிய வாழை அத்தனையும் சாய்ந்து, தண்ணீர் வடிந்தபோது வண்டலுக்குள் கிடந்தது. அடுத்த வாரம் கிறிஸ்துமஸ்.

அந்த நாட்களில் வெளியூரிலிருந்து ஒரு குழுவினர் அரிசியும் போர்வையும் கொண்டுவந்தார்கள். அந்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்த அரிசியில்தான் எங்கள் தெரு முழுவதும் பொங்கிச் சாப்பிட்டது. ஆனால் கொடுப்பதற்கு முன்னால், உயிரோடு காத்த தேவனுக்கு நன்றி சொல்கிறவர்கள் இரண்டு கைகளையும் உயர்த்துங்கள் என்று அவர்களில் ஒருவர் மைக்கில் சொன்னார். எல்லோரும் உயர்த்தினோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி மட்டும் உயர்த்தவில்லை. அவருடைய ஆடுகள் எல்லாம் கொட்டகையோடு போய்விட்டன. மிஞ்சியது ஆடு கட்டுகிற கயிறு ஒன்றுதான். அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கைகளை மடியிலேயே வைத்திருந்தார். மைக்கில் பேசியவர் இரண்டாவது முறை எங்கள் பக்கமாகப் பார்த்துச் சொன்னார். பாட்டி அசையவில்லை. திரும்பி வரும்போது ஏன் என்று மெதுவாகக் கேட்டேன். "கோயில்ல போயி அவர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன். அரிசிக்காவ கையத் தூக்க மாட்டேன் யய்யா" என்றார்.

கிறிஸ்துமஸ் காலையில், சேறு கழுவிய ஈரம் காயாத ஆலயத்தில், எங்கள் போதகர் ஐயரவாள் வேதாகமத்தில் ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தை வாசித்தார். "கிடையில் ஆட்டுமந்தைகள் முதலற்றுப்போனாலும்" என்ற இடம் வந்ததும் பாட்டி, "ஆமா" என்று சத்தமாகச் சொன்னார். வாசித்துக்கொண்டிருந்தவரே ஒரு கணம் நிறுத்திவிட்டார். நாங்கள் அன்று கேட்ட பிரசங்கம் எனக்கு நினைவில் இல்லை. அந்த ஒரு சொல் நினைவில் இருக்கிறது.

சேகரத்து மூத்தவர்

பாளையங்கோட்டைச் சகோதரியின் துக்கத்தில் நானும் பங்குகொள்கிறேன். ஆனாலும் துக்க வீட்டில் அந்தச் சங்கீதத்தை வாசித்தது சரியென்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. காயம் பட்டவர்களுக்கு நம்பிக்கையின் வசனத்தைக் கொடுக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

என் மனைவிக்குப் புற்றுநோய் வந்தது, சபையாக ஜெபித்தோம், கர்த்தர் சுகம் கொடுத்தார், இன்று வரை நலமாக இருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய அன்று பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா இருந்தார்கள். அவர்களும் ஜெபிக்கிறவர்கள்தான், அதே வியாதிதான். நான் பைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போதெல்லாம் அந்தப் பார்வை முன்னால் வந்து நிற்கிறது. அது இருக்கட்டும்.

சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நீடித்த நாட்கள் என்பதை இந்த உலகத்து ஆயுளாக எண்ணி மனம் கலங்க வேண்டாம். அது நித்திய ஜீவனையும் குறிக்கும். காலையும் மாலையும் குடும்ப ஜெபத்தை எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். திருவிருந்துக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். துக்கத்தில் பலர் செய்வது அதுதான், அப்படி விலகியவர்கள் திரும்பி வர வெகுநாள் ஆகிறது. பிள்ளைகளை ஓய்வுநாள் பள்ளிக்கு ஒழுங்காக அனுப்புங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஏதாவது ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கை வேலையில் இருந்தால் மனம் அலையாது. கடவுளோடு வழக்காடுவதை மட்டும் நீடிக்கவிடாதீர்கள், ஏனென்றால் எல்லாம் இழந்து கடவுளோடு வழக்காடிய யோபுவே கடைசியில் தன் கையினால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். பொறுமைக்கு நாம் வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. இடையன்குடி ஆலயத்தைக் கட்டி முடிக்க மிஷனரி கால்டுவெல் ஐயருக்கு 33 ஆண்டுகள் ஆயின, 1880-இல்தான் பிரதிஷ்டை நடந்தது. தாமதம் என்பது மறுப்பு ஆகாது.

களக்காட்டுச் செவிலி

ஐயா, உங்கள் பதிவில் என்னைத் தொட்டது அந்தப் பக்கத்துக் கட்டில்தான். அதை ஏன் நான்கு வரியில் சொல்லிவிட்டு அறிவுரைக்குப் போய்விட்டீர்கள்? நான் ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட முகங்களைத் தினமும் பார்க்கிறேன். வீட்டுக்குப் போகிறவர்களின் சாட்சி சபைக்கு வந்துவிடுகிறது. பக்கத்துக் கட்டிலின் சாட்சியை யாரும் கேட்பதில்லை.

என் அம்மா பக்கவாதத்தில் படுத்திருந்தபோது ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்கார அம்மா, அசையாத காலின்மேல் கையை வைத்து, "விசுவாசித்து எழுந்திரு" என்றார். அம்மா முயற்சி செய்தார்கள். நல்ல காலை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, கழுத்து நரம்பு புடைக்கும்வரை முயற்சி செய்தார்கள். முடியாமல் தலையணையில் சாய்ந்தபின், பரீட்சையில் தோற்ற பிள்ளை வீட்டுக்கு வந்து பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தார்கள். வியாதியைவிட அந்த வெட்கம்தான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அம்மா டோனாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர்கள். அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவர்கள். 1931-இல், இதே களக்காட்டில், புதிதாகத் தோண்டிய குழி ஒன்றில் இருட்டில் விழுந்து கால் முறிந்தபின் அந்த அம்மையார் பழையபடி நடமாடவே இல்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார்கள். அவர்களுக்காக ஜெபித்தவர்கள் கொஞ்சப்பேரா? அவர்கள் விசுவாசம் கொஞ்சமா? அந்த அறையிலிருந்தே பிள்ளைகளைக் கவனித்தார்கள், கடிதம் எழுதினார்கள், புத்தகங்கள் எழுதினார்கள். சுகம் மட்டும் வரவில்லை. ஊழியக்கார அம்மா போனபின் என் அம்மா குழறிய பேச்சில் கேட்டதெல்லாம், "டோனாவூர் அம்மாவுக்கும் விசுவாசம் இல்லையா?" என்பதுதான். அப்படி இல்லை என்று நான் தலையசைக்க, அம்மாவின் முகம் சற்றுத் தெளிந்தது. அந்த அம்மையாரின் கல்லறையில் பெயர் பொறித்த பெரிய கல் எதுவும் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்கிற ஒரு கல்தொட்டிதான் இருக்கிறது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் அங்கே ஒருமுறை கூட்டிப்போனேன். வெகுநேரம் இருந்துவிட்டு வந்தோம்.

தேரிக்காட்டு மகள்

மூத்தவர் ஐயா அவர்களுக்கு மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். கல்லுக்கு வயதாகாது, ஐயா. எனக்கு ஆகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கிற ஒரு பெண்ணிடம் இடையன்குடி ஆலயத்தின் 33 ஆண்டுகளைச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் எல்லோரும் சொல்வது, வேதாகமத்தில் பிள்ளைக்காக அழுது ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளின் கதை. அசன விருந்தில் இலை போடுகிற இடத்தில்கூடச் சொல்லியிருக்கிறார்கள். அவளைப் போல அழுது ஜெபி, உனக்கும் ஒரு சாமுவேல் வருவான் என்பார்கள். அழுது ஜெபித்த அன்னாளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தவர் ஆலயத்தில் இருந்த ஆசாரியனாகிய ஏலிதான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. என் நாத்தனார் தன் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என்னை ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். வீட்டில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளையில்லாதவளா என்று முணுமுணுத்தார்கள். நாத்தனார், "மதினிதான் நிப்பாவ" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். தண்ணீர் தலையில் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழுது, என் தாலிச் செயினை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பதில் சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குக் குரல் வரவில்லை. நாத்தனார் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து சொன்னோம். அவள் எனக்கு ஒரு வசனமும் சொன்னதில்லை. ஆண்டவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவருடைய பிள்ளை ஒன்றை என் கையில் நம்பிக் கொடுத்தார்கள் என்பதும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறேன்.

யோபு வாயைப் பொத்திக்கொண்டது உண்மைதான், ஐயா. ஆனால் 42-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யார்மேல்? "என் தாசனாகிய யோபு பேசினதுபோல்" நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று, ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களிடம்தான் சொன்னார். வழக்காடியவனை அவர் என் தாசன் என்றார். நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்துகிறவள் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். அட்டைகளில் அடிக்கடி வருகிற எரேமியா 29:11, எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம், பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கேட்டவர்களில் வயது வந்தவர்கள் பெரும்பாலும் பாபிலோனிலேயே மடிந்திருப்பார்கள். அவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்த கட்டளை, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பதே. பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சிட்டால், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மார்ச் மாதத்தில் உடைந்துபோகிறவர்கள் குறைவார்கள்.

சேகரத்து மூத்தவர்

மகளே, 42-ஆம் அதிகாரத்தை நானும் அறிவேன். ஆனாலும் யோபு வழக்காடியதும் வாயைப் பொத்தியதும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது என்பதில் என் கருத்து மாறவில்லை. களக்காட்டுச் சகோதரி கேட்டதற்குப் பதில்: அந்த மனிதரின் ஊர் எனக்குத் தெரியும். அவரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போனால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். பேச வேண்டிய அவசியம் இல்லை என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். ஏரல் தம்பி, அந்தப் பாட்டி இப்போது எப்படி இருக்கிறார்கள்?

ஏரல் வாழைக்காரன்

நன்றாக இருக்கிறார்கள் ஐயா. வெள்ளத்துக்குப் பிறகு மகள் வீட்டோடு இருக்கச் சொன்னார்கள், பாட்டி கேட்கவில்லை. கயிறு இப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. மாத முதல் வெள்ளி ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பச் சீட்டு கொடுப்பார்கள்; பாட்டிக்கு எழுதத் தெரியாததால் என்னிடம் வருவார்கள். முழங்கால் வலி, பேரனுக்கு வேலை, எதை எழுதட்டும் என்று நான் கேட்டாலும் முதலில் ஆடுகளை எழுதச் சொல்வார்கள். கமிட்டியில் ஒருவர், ஆட்டுக்கெல்லாமா பாட்டி சபையாக ஜெபிப்பது என்று கேட்டதற்கு, "போனது ஆடுதானய்யா, வேற எதக் கேக்கச் சொல்லுதிய?" என்றார்கள். ஐயரவாள் அதையும் மற்ற விண்ணப்பங்களோடு சேர்த்து வாசித்துவிடுகிறார்.