உறுமலை அடக்கினேன், கடி வாங்கினேன்

எங்கள் நாய் செவலை, சிப்பிப்பாறை இன வேட்டை நாய். கோவில்பட்டிப் பக்கமிருந்து 45 நாள் குட்டியாக மடிப்பாக்கத்துக்குக் கொண்டு வந்தேன். 8 மாதம் ஆனதும் தட்டுப் பக்கம் யார் போனாலும் உறுமத் தொடங்கினான். பழக்க வந்தவர் பார்த்துவிட்டு, "வேட்டை நாய் சார், உங்களை ஆளப் பார்க்குது, மல்லாக்கத் தள்ளி அமுக்குங்க, நீங்கதான் தலைவர்னு தெரியணும்" என்றார். செய்தேன். இரண்டு வாரத்தில் உறுமல் நின்றுவிட்டது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டெலும்போடு படுத்திருந்தவனிடம் அதை வாங்கக் குனிந்தேன். உடம்பு கட்டையாக விறைத்தது, மெல்லுவதை நிறுத்தினான், தலையைத் திருப்பாமலே கண்ணை மட்டும் என் பக்கம் ஓட்டினான், ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. சத்தமே இல்லை. அடுத்த நொடி மணிக்கட்டில் பல். சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் குழாயில் கழுவிவிட்டு ஊசி போட ஓடினேன்.

அவன் தலைவன் ஆக முயலவில்லை, தன்னிடம் இருப்பது போய்விடும் என்று பயந்திருக்கிறான். உறுமல்தான் அவன் தந்த எச்சரிக்கை, அதை நானே அடக்கிவிட்டேன். இந்தத் தலைவன் கதையே 1947-இல் விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து பரவியது. காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் எழுதிவிட்டார். இங்கே இன்னும் மல்லாக்கத் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு பறிப்பதை விட்டேன். அவன் சாப்பிடும்போது ஆறடி தள்ளி நின்று வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன், அவன் உடம்பு தளர்ந்திருந்தால் மட்டும் மறுநாள் ஒரு எட்டு கிட்டே. இரண்டு மாதத்தில் என்னைக் கண்டதும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி வாலாட்டினான். வேட்டை நாய்க்கு இது ரொம்ப முக்கியம், வாயில் இருப்பதைப் பிடுங்கினால் அடுத்த முறை எடுத்துக்கொண்டு ஓடும், இல்லை அப்படியே விழுங்கும். பெசன்ட் நகர் கடற்கரையில் நண்டைப் பார்த்துவிட்டு, கூப்பிட்டால் திரும்பாததும் திமிர் இல்லை. கண்ணால் பார்த்து, தானே முடிவெடுத்துத் துரத்தவே வளர்க்கப்பட்ட இனம். அதற்கு நீளக் கயிறு போதும்.

அடுத்த மாதம் கன்னி என்ற வேட்டை நாய் இனத்தில் ஒரு குட்டி வருகிறது, அதுவும் ஆண். இரண்டு ஆண் நாய்களை ஒரே வீட்டில் வளர்ப்பவர்கள் தீனி நேரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.