புதுப்பிப்பு: ஆர்க்கிடெக்ட் கிடைத்துவிட்டார்

அரசுச் சேவைகளைக் கிளவுடுக்கு (இணையம் வழியே பயன்படுத்தும் சர்வர்களுக்கு) மாற்றும் எங்கள் குழுவுக்கு மூத்த டெக்னிக்கல் ஆர்க்கிடெக்ட் (மென்பொருள் அமைப்பை வடிவமைப்பவர்) வேண்டும், நேர்காணலில் என்ன கேட்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். ஆள் கிடைத்துவிட்டார்!

சான்றிதழ்களைத் துருவவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் அன்று 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நேரத்தில் இணையதளத்துக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்றுதான் கேட்டோம். பலர் ஆட்டோ ஸ்கேலிங், அதாவது கூட்டம் கூடக் கூட சர்வர்கள் தானாகவே கூடும் ஏற்பாடு என்றார்கள். புது சர்வர் தயாராவதற்குள் கூட்டம் வந்து மோதிவிடுமே! இவர் எழுந்துபோய் போர்டில் வரைந்திருந்த படத்தில் டேட்டாபேஸ் (தரவுகளைச் சேமிக்கும் இடம்) கட்டத்தையே அழித்தார். "அன்னைக்கு மார்க் மாறப்போறதில்ல சார். ஆளுக்கொரு பக்கமா முந்தின ராத்திரியே செஞ்சு, பூட்டி, சிடிஎன்ல வச்சிடலாம்." (சிடிஎன் என்பது பக்கங்களின் நகலைப் பல ஊர் சர்வர்களில் வைத்து, அருகிலிருந்தே தரும் அமைப்பு.)

பிறகு அவரே கேட்டார்: "பக்கம் எத்தனை கேபி? கிராமத்துப் பொண்ணு அப்பா போன்லதானே பாக்கும்?" அங்கேயே முடிவெடுத்துவிட்டேன்.

தனியார் சம்பளம் தர முடியவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது. அடுத்த மாதம் சேர்கிறார்.