வகுப்பறைக் குளிரும் மின்செலவும்: பயன்படுத்துவோரின் பழக்கம் எவ்வளவு பொறுப்பு?

கேள்வி: முதுகலை மாணவி, பினாங்கு

வணக்கம். பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பயன்படுத்துவோரின் பழக்கங்கள் அவர்களுடைய உடல் சுகத்தையும் மின்செலவையும் எவ்வாறு மாற்றுகின்றன என்பதை ஆய்வேட்டுப் பொருளாக எடுத்திருக்கிறேன். எங்கள் வளாகத்தின் சிறிய வகுப்பறைகளில் ஏர்கோன் ரிமோட்டை 16 டிகிரிக்கு இறக்கிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறார்கள். மையக் குளிரூட்டல் உள்ள பெரிய மண்டபத்திலோ மாணவர்கள் குளிர்சட்டை அணிந்தே அமர்கிறார்கள். எம்.எஸ். 1525 என்னும் மலேசியத் தரம் 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை பரிந்துரைத்திருந்தும் இரண்டு இடங்களிலும் அந்த வரம்பு நிலைக்காதது ஏன்? விழிப்புணர்வுச் சுவரொட்டி போதும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

மறுமொழி: கட்டடப் பராமரிப்புப் பொறியாளர், கோலாலம்பூர்

வணக்கம் தங்கை. இந்த இரண்டு அறைகளின் நோயும் வேறு வேறு.

வேகம் மாறாத கம்ப்ரசர் கொண்ட ஏர்கோன், சூடான அறையில் 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் தொடக்கத்தில் ஒரே வலுவுடன்தான் இயங்கும். 16-இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிராது. போதிய குளிர் வந்த பிறகும் கம்ப்ரசர் நிற்காது என்பது மட்டுமே வேறுபாடு. கதவு திறந்திருந்தால் நிலைமை மேலும் மோசமாகும், ஏனென்றால் நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. உள்ளே வரும் அந்த ஈரத்தைக் குளிர்ச்சுருளில் நீராக்கி வெளியேற்றுவதற்கே மின்சாரத்தின் கணிசமான பங்கு போய்விடும். இங்கே பழக்கத்தை மாற்றினால் பலன் நேரடியாகத் தெரியும்.

பெரிய மண்டபத்துக் குளிருக்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமன்று. ஈரத்தை நீக்குவதற்காகக் காற்றை ஏறத்தாழ 13 டிகிரி வரை குளிர்விக்கிறோம். மண்டபம் நிறைந்திருக்கும் நிலைக்குக் கணக்கிட்ட அதே அளவு காற்றைச் சிலர் மட்டும் அமர்ந்திருக்கும்போதும் அனுப்பினால் அவர்கள் நடுங்கத்தான் செய்வார்கள். அதற்காக, காற்றைக் குளிர்விக்கக் குழாயில் ஓடும் குளிர்நீரின் வெப்பநிலையை உயர்த்தினால் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். விசிறி மோட்டாரின் வேகத்தை ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றும் கருவியும், வகுப்பு அட்டவணையுடன் இணைந்த இயக்க நேரமும்தான் முறையான தீர்வு. ரிமோட்டே இல்லாத இடத்தில் சுவரொட்டி யாருக்கு?

மறுமொழி: கட்டடக்கலை விரிவுரையாளர், பினாங்கு

பொறியாளர் ஐயா கூறியதை ஏற்கிறேன். ஆயினும் வெப்பமானி காட்டும் எண் மட்டும் சுகத்தைத் தீர்மானிப்பதில்லை. டென்மார்க் ஆய்வாளர் ஃபேங்கர் 1970-இல் வகுத்த முறையில் காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகளின் கதிர்வீச்சு வெப்பம், காற்றோட்டம், ஈரப்பதம், உடை, உடலுழைப்பு ஆகிய ஆறும் சேர்ந்தே கணக்கிடப்படுகின்றன. மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவருக்கு அருகில் மாலை நான்கு மணிக்கு அமர்பவருக்குக் காற்று 24 டிகிரியாக இருந்தும் உடல் சுடும். அவர் ரிமோட்டைத் தேடுவார், திரையை இழுப்பார், இருட்டாகிவிட்டதென்று விளக்கையும் போடுவார். ஒரு சன்னலுக்கு வெளியே நிழற்பலகை வைக்காத குறை, இப்படி மூன்று பழக்கங்களாக மின்கட்டணத்தில் வந்து சேர்கிறது. இதை மாணவர்களின் அலட்சியம் என்று எழுதிவிடாதீர்கள், அம்மா.

உடையையும் பாருங்கள். உடை உடலின் வெப்பத்தைத் தக்கவைக்கும் அளவை 'க்ளோ' என்னும் அலகால் குறிப்போம். மெல்லிய உடையின் காப்பு மதிப்பு சுமார் 0.5 க்ளோ, கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்தவருக்குச் சுமார் 1 க்ளோ. கோட்டணிந்த விரிவுரையாளர் வெப்பநிலையைத் தீர்மானித்தால் பருத்திச் சட்டை அணிந்தவர்கள் குளிரில் வாடுவார்கள்.

இயற்கைக் காற்றோட்டமுள்ள கட்டடங்களில், சன்னலும் மின்விசிறியும் தம் கைவசம் இருப்பவர்கள் கூடுதல் வெப்பத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதை டி டியர், பிரேகர் என்னும் ஆய்வாளர்கள் 1998-இல் விளக்கினர். நம் ஊருக்கு இதில் பெரும் பயன் உண்டு. கூரை விசிறியைச் சேர்த்தால் 26 டிகிரிக்கு மேலும் வசதியாக அமரலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி.இ.4 கட்டடம் சற்று வெதுவெதுப்பான காற்றையும் கூரை விசிறிகளையும் இணைத்தே இயங்குகிறது. நம் வளாகங்களில் ஏர்கோன் வந்தவுடன் விசிறிகளைக் கழற்றிவிட்டது எனக்கு இன்றும் வருத்தமே.

மறுமொழி: கேள்வி கேட்ட மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் பழக்கத்தின் பங்கையும் கட்டடத்தின் பங்கையும் பிரித்துக் காட்ட என்ன அளக்க வேண்டும்?

மறுமொழி: ஆற்றல் தணிக்கையாளர், கோலாலம்பூர்

வினாத்தாளை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை மணிக்கு அணைத்தோம் என்பதைப் பலரும் தவறாகவே நினைவுகூர்வார்கள். கதவிலும் சன்னலிலும் அவை திறந்திருப்பதைப் பதியும் காந்த உணரி, அறையில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் கருவி, ஏர்கோனுக்குத் தனி மின்மானி ஆகியவற்றை வையுங்கள். அதே நேரத்தில், மிகுந்த குளிர் முதல் மிகுந்த வெப்பம் வரை செல்லும் ஆஷ்ரே என்னும் அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கத்தின் ஏழு நிலை அளவுகோலில் மாணவர்களின் உணர்வைக் குறித்துக்கொள்ளுங்கள். உடையையும் அமர்ந்த இடத்தையும் சேர்த்துப் பதிவு செய்வது அவசியம்.

ஒரே அளவு, ஒரே திசை கொண்ட இரண்டு அறைகளைத் தேர்ந்தெடுத்து, ஒன்றில் மட்டும் விசிறியைப் பொருத்தி ரிமோட்டின் கீழ்வரம்பை 24-இல் பூட்டுங்கள். தேர்வு வாரங்களையும் விடுமுறையையும் தனியே வையுங்கள், ஏனென்றால் அப்போது அறையைப் பயன்படுத்தும் விதமே மாறிவிடும். யாருமில்லாத இரவு நேரத்து மின்பயன்பாட்டை முதலில் பாருங்கள். அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருப்பது எதுவும் எவருடைய சுகத்திற்காகவும் அன்று.

மாணவர்களின் ஒப்புதலையும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் கருவிகளைப் பொருத்துவதற்கு முன்பே பெற்றுவிடுங்கள்.