சருகுப் பையில் நைட்ரஜன் குறையாமல் கூடுகிறதே, ஏன்?

சருகுப்பை:

வணக்கம். காட்டு மண்ணில் சருகு மக்கும் வேகத்தை அளக்கும் ஆய்வில் இப்போதுதான் இறங்கியிருக்கிறேன். எல்லோரும் கையாளும் முறைதான். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி, 60 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, பைக்கு 10 கிராம் வீதம் நைலான் வலைப் பைகளில் போட்டு, மரங்களுக்கடியில் நகராதபடி குத்தி வைத்தேன். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு தொகுதியை எடுத்து, எடை பார்த்து, கார்பனும் நைட்ரஜனும் அளக்கிறேன்.

எடை ஒழுங்காகக் குறைகிறது, கார்பனும் கூடவே இறங்குகிறது. நைட்ரஜன்தான் குழப்புகிறது. தொடக்கத்தில் 0.6 சதவீதம் இருந்தது, இப்போது 1 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. கார்பன் வெளியேறிவிட்டதால் மிச்சத்தில் நைட்ரஜனின் பங்கு பெரிதாகத் தெரிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சரி, மில்லிகிராமில் பார்ப்போம் என்று கணக்குப் போட்டால் இன்னும் குழப்பம். பையை வைக்கும்போது இலையில் 60 மில்லிகிராம் நைட்ரஜன். இப்போது மிச்சமிருப்பது 7.5 கிராம் இலை, அதில் 75 மில்லிகிராம்!

மக்கிக்கொண்டிருக்கும் இலையில் நைட்ரஜன் எப்படிக் கூடும்? ஆய்வக முறையில் தவறா, அல்லது பை ஏதாவது மாசுபட்டுவிட்டதா? இந்தத் தொகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாமா?

உலை550:

எதையும் ஒதுக்காதீர்கள். முதலில் ஒன்று கேட்கிறேன், சாம்பல் திருத்தம் செய்தீர்களா? மழைத்துளி தெறித்தும் மண்புழு ஏறியும் பைக்குள் மண் புகுந்துவிடும். அந்த மண்ணுக்கும் எடை உண்டு, அதிலும் நைட்ரஜன் உண்டு. மாதிரியில் ஒரு பகுதியை 550 டிகிரியில் சில மணி நேரம் எரித்துப் பாருங்கள். இலை மட்டும் என்றால் மிஞ்சும் சாம்பல் குறைவாகத்தான் இருக்கும். மண் கலந்திருந்தால் பெரும்பகுதி எரியாமல் அப்படியே கிடக்கும். தொடங்கும் முன் எடுத்துவைத்த இலையின் சாம்பலோடு ஒப்பிட்டுக் கழித்துவிட்டால் போதும்.

சருகுப்பை:

செய்துவிட்டேன் ஐயா. நான் கொடுத்த எண்கள் சாம்பல் திருத்தத்துக்குப் பிறகு வந்தவைதான். கருவியில் அளவு முன்பே தெரிந்த தரமாதிரிகளும் சரியான அளவைக் காட்டுகின்றன.

வேர்ப்பூஞ்சை:

அப்படியானால் உங்கள் எண்களில் கோளாறு எதுவும் இல்லை. இவ்வளவு நைட்ரஜன் குறைந்த இலையில் இது கூடாமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். பல வருடமாக இந்தப் பைகளோடுதான் என் பிழைப்பு. இந்த இடத்துக்கு வந்து நிற்கும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். காட்டு மண் எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபடத் தொடங்கும் இடமே இதுதான்.

இலை தானாகக் கரைந்து போவதில்லை, அதைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்கின்றன. தின்பவர்களுக்கும் உடம்பு இருக்கிறது, அந்த உடம்பைக் கட்ட நைட்ரஜன் வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். உங்கள் இலையில் கார்பன் 48 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 80 பங்கு கார்பன் இருக்கிறது. பூஞ்சையின் உடம்பில் அந்த விகிதம் மிகவும் குறைவு. இனத்துக்கு இனம் மாறும், இப்போதைக்கு ஒன்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். தின்ற கார்பன் முழுதும் உடம்பில் சேராது. 100 பங்கு தின்றால் 70 பங்கு மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட்டது, 30 பங்குதான் உடம்பானது என்று கொள்ளுங்கள். அந்த 30-க்கு 3 பங்கு நைட்ரஜன் தேவை. ஆனால் 100 பங்கு கார்பனோடு இலை தருவது 1.25 பங்குதான். மீதி 1.75 வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

வரும் வழியைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த தொகுதியை எடுக்கும்போது பையைச் சட்டென்று உருவாதீர்கள். ஒரு ஓரத்தை மட்டும் மெல்லத் தூக்குங்கள். வலைக்கும் கீழேயுள்ள கறுத்த மட்குக்கும் நடுவே வெள்ளை இழைகள் இழுபட்டு நிற்கும், இன்னும் தூக்கினால் ஒவ்வொன்றாக அறும். உள்ளே இருக்கும் இலையில் சில இடங்கள் வெளுத்து, தொட்டால் ஈரத் துணிபோலத் துவண்டு கிடக்கும். லிக்னினை, அதாவது இலைக்கு விறைப்பு தரும், எளிதில் மக்காத பொருளை, கரைக்கத் தெரிந்த பூஞ்சை வேலை செய்த இடம் அது. இழைகள் வழியாகக் கீழிருந்து அம்மோனியமும் நைட்ரேட்டும் அமினோ அமிலங்களும் இலைக்குள் ஏறுகின்றன. மரக்கிளைகளைக் கழுவிக்கொண்டு சொட்டும் மழைநீரில் கொஞ்சம் வரும், மேலே இலை தின்னும் புழுக்களின் எச்சத்தில் கொஞ்சம் வரும், காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா வழியாகவும் கொஞ்சம் வரும். ஆனாலும் பெரும்பாலான காடுகளில் மண்ணையும் அந்த இழைகளையும்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

மேலே போட்ட கணக்கின்படி, இலையில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 33-க்கு வந்தால் பூஞ்சைக்கு வெளியிலிருந்து கடன் தேவைப்படாது. அதற்கும் கீழே போனால் தேவைக்கு மிஞ்சியதை அதுவே மண்ணுக்கு விட்டுவிடும். நிஜக் காட்டிலும் இது ஏறத்தாழ இப்படித்தான் நடக்கிறது. 2007-ல் சயன்ஸ் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஏழு வகை நிலச்சூழல்களில் 21 இடங்களில் 10 ஆண்டுகள் பைகளை வைத்துப் பார்த்தார்கள். இலையில் அந்த விகிதம் சராசரியாக 40-க்குக் கீழே வரும்போது நைட்ரஜன் வெளியேறத் தொடங்கியது. குளிர்காடோ மழைக்காடோ, நைட்ரஜன் எப்போது வெளியேறும் என்பதைத் தீர்மானித்தவை தொடக்கத்தில் இலையில் இருந்த நைட்ரஜனும் மிச்சமிருக்கும் எடையும்தான். வறண்ட புல்வெளி மட்டும் விதிவிலக்கு. அங்கே வெயிலின் புற ஊதாக் கதிரே இலையைச் சிதைத்துவிடுகிறது, பூஞ்சைக்கு அவ்வளவு வேலையில்லை.

உங்கள் பை 80-லிருந்து 48-க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் சில தொகுதிகள் எடுத்தால் அந்த மில்லிகிராம் எண் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புவதைப் பார்ப்பீர்கள். திரும்பும் புள்ளிதான் உங்கள் ஆய்வின் உயிர். இந்தத் தொகுதியை விட்டுவிட்டால் ஏறும் பாதையே இல்லாமல் போய்விடும்.

சருகுப்பை:

கணக்கைப் படித்ததும் எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது, மிக்க நன்றி. அப்புறம் ஒரு சந்தேகம். பூஞ்சைக்கு நைட்ரஜன் பற்றாக்குறை என்றால், பை மேல் கொஞ்சம் யூரியா கரைத்துத் தெளித்தால் சருகு வேகமாக மக்கிவிடுமா? அதையே இரண்டாவது ஆய்வாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது.

வேர்ப்பூஞ்சை:

நல்ல கேள்வி. ஆனால் "வேகமாகும்" என்று முடிவு கட்டிக்கொண்டு இறங்காதீர்கள்.

முதல் கட்டத்தில், சர்க்கரையும் செல்லுலோஸும் கரையும்போது, நைட்ரஜன் கொடுத்தால் வேகம் கூட வாய்ப்புண்டு. பிந்தைய கட்டத்தில் மிஞ்சுவது லிக்னின். அங்கே பல நேரம் கதை தலைகீழாகிவிடும். நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால், லிக்னினை உடைக்கும் நொதிகளைப் பல பூஞ்சைகள் குறைத்துக்கொள்கின்றன.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹார்வர்டு காடு என்ற ஆய்வுக் காடு இருக்கிறது. அங்கே 1988-ல் தொடங்கி, ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ, 150 கிலோ என்று இரண்டு அளவில் நைட்ரஜன் தூவிவந்தார்கள். வாகனப் புகையிலும் பண்ணைகளிலும் இருந்து காற்று வழியாக வந்து விழும் நைட்ரஜன் காட்டை என்ன செய்யும் என்பதுதான் அவர்கள் கேள்வி. 20 ஆண்டுக்குப் பிறகு அகன்ற இலைக் காட்டின் மண்ணில் பூஞ்சை குறைந்திருந்தது, மக்குவது மந்தமாகி, கார்பன் மண்ணில் சேர்ந்திருந்தது. பக்கத்து பைன் காட்டில் அதிக அளவு தூவிய பாத்தியில் மரங்களே மடிந்தன. மண்ணில் கார்பன் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு இதை நல்ல செய்தியாகச் சொல்வோர் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐரோப்பியக் காடுகளைப் பாருங்கள். மண்மேல் மட்கில் கார்பன்-நைட்ரஜன் விகிதம் 25-க்குக் கீழே போன இடங்களில் நைட்ரேட் வேரைத் தாண்டி ஓடைக்குப் போவது அதிகமாக இருக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிட வேண்டாம். அந்த மண்ணில் மரங்களின் வேரோடு வாழும் பூஞ்சைகளும் இருக்கின்றன. அவற்றுக்குக் கார்பன் மரத்திலிருந்தே கிடைத்துவிடும், நைட்ரஜனுக்காக மட்டும் சருகைத் தேடி வரும். 1971-ல் நியூசிலாந்தின் பைன் தோட்டத்தில் வேர்களைத் தடுத்த இடத்தில் சருகு வேகமாக மக்கியது. இந்தப் பூஞ்சைகள் போட்டிக்கு இல்லாததுதான் காரணம் என்றார்கள். பின்னால் வேறு காடுகளில் செய்தபோது எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை. ஆகவே உங்கள் மரங்களின் வேரில் எந்த வகைப் பூஞ்சை என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

யூரியாதான் வேண்டுமென்றால் பையின் மேல் தெளிக்காமல் பாத்தி முழுதும் தெளியுங்கள். பையில் மட்டும் விட்டால் அடுத்த மழையில் கீழே இறங்கிவிடும். ஆனால் என்னைக் கேட்டால் யூரியாவைவிட நைட்ரஜன்-15 (சற்றே கனமான நைட்ரஜன் ஐசோடோப்பு) போட்ட அம்மோனியம்தான் உங்களுக்கு உதவும். இயற்கை நைட்ரஜனில் அந்த ஐசோடோப்பு வெறும் 0.37 சதவீதம்தான், மிகக் கொஞ்சம் விட்டாலே தெரிந்துவிடும். பைக்கு அடியிலுள்ள மண்ணில் ஊசியால் செலுத்திவிட்டு, சில வாரம் கழித்து இலையில் அளந்து பாருங்கள். கூடிய அந்த 15 மில்லிகிராமில் மண்ணிலிருந்து ஏறியது எவ்வளவு என்று நெருங்கிச் சொல்லிவிடலாம்.

உலை550:

அந்த ஐசோடோப்பு மாதிரிகளை அரைக்கத் தனி அரவைக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மாதிரிகளோடு ஒரே கிண்ணத்தில் அரைத்தால் ஒட்டியிருக்கும் துகளே மற்ற எண்களையெல்லாம் கெடுத்துவிடும். அரைக்கும் வரிசையிலும் கவனம் வேண்டும்: ஐசோடோப்பு போடாதவை முதலில், போட்டவை கடைசியில். பைக்கு அடியிலிருக்கும் மண்ணையும் அதிலுள்ள அம்மோனியத்தைப் பிரித்தெடுக்க அன்றைக்கே பொட்டாசியம் குளோரைடு கரைசலில் குலுக்கி வடித்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அம்மோனியம் அளவு மாறிவிடும்.

சருகுப்பை:

பழைய மாதிரிகள் எல்லாவற்றையும் அரைத்து முடித்துவிட்டுத்தான் ஐசோடோப்பில் கை வைப்பேன். இந்தத் தொகுதியும் கணக்கில் இருக்கும். அடுத்த முறை பையை ஓரமாகத் தூக்கிப் படம் எடுத்து இங்கேயே போடுகிறேன்.