புதுப்பிப்பு: அமெரிக்கா போன பெட்டியும் டிஎஸ்ஏ பூட்டும்

அமெரிக்கா போகும்போது செக்-இன் பெட்டிக்கு எந்தப் பூட்டு போடலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? பலர் சொன்னபடி சிவப்பு வைர வடிவ முத்திரை உள்ள டிஎஸ்ஏ பூட்டே வாங்கினேன். டிஎஸ்ஏ என்பது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறை; இந்தப் பூட்டை அவர்களிடம் உள்ள மாஸ்டர் சாவியால் திறக்கலாம். போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால், பருப்புப்பொடி பாக்கெட்டின் மேல் ‘சோதனை செய்தோம்’ என்று அச்சடித்த தாள். பூட்டு உடையவில்லை, மாஸ்டர் சாவியால் திறந்து திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். சாதாரணப் பூட்டாக இருந்தால் வெட்டியிருக்கலாம்.

அதற்காக இது திருடனைத் தடுத்துவிடாது. அந்தச் சாவிகளின் 3டி அச்சு வடிவம் 2015-லேயே இணையத்தில் வந்துவிட்டது. சாவிகூட எதற்கு? பால்பாயிண்ட் பேனா முனையை அழுத்தினால் ஜிப் பிளந்துவிடும்; பூட்டோடு சேர்த்து ரன்னரை ஒரு சுற்று ஓட்டினால் பழையபடி மூடிக்கொள்ளும்! அடுத்த முறை ஜிப் இல்லாத, கொக்கி வைத்த பெட்டிதான். நகை, லேப்டாப் கைப்பையில். பவர் பேங்கும் அங்கேதான். அதை செக்-இன்னில் எப்படியும் அனுமதிப்பதில்லை.